முப்பது நாள் கூலி

நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது நாகையாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அவர் பூக்கடை பக்கிரிசாமியிடம் வேலை செய்பவர். கூலிக்குப் பூக்கட்டும் எங்களுக்கு வீடு வீடாகப் பூக்கூடை கொண்டுவந்து கொடுப்பவரும் அவர்தான். எனக்கு உரிய கூடையை இறக்கி வைத்தார். பிறகு இன்னொரு கூடையையும் இறக்கினார்.

“இது யாரோடது தம்பி?”

“சீதாலெட்சுமி அக்காவோடது. திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க சேத்துக் கட்டுங்க.”

“பிள்ளை பெத்து பத்து நாள்கூட ஆகல. அந்த வீட்டுக்கு எதுக்கு கோயில் பூவைக் கொண்டு போனீங்க?”

“பாஸ் சொன்னாரு, கொண்டு போனேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? முப்பது நாளைக்குத் தீட்டாம், வேலை கிடையாதாம்.” நாகையா ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அது சரி, ஞாயம்தான். ஆனா முப்பது நாளைக்கும் கூலி வேணுமாம்லா!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை எனக்குத் தெரியும். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆடி மாதம். எந்த அம்மன் கோயிலுக்கும் பூ போதாத மாதம். அந்த மாதத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பூக்கட்டும் எந்தப் பெண்ணும் கூடையைத் திருப்பி அனுப்பியதில்லை. கட்டாத பூவுக்குக் கூலி கேட்ட பெண்ணைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சீதாலெட்சுமி டெங்கில் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா பால்மரம் வெட்டுகிறவர். இருட்டு விலகும் முன்பே அம்மாவும் அவரோடு காட்டுக்குப் போய்விடுவாள். அவர் மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டே போக, அம்மா பின்னாலேயே போய்க் கோப்பைகளைத் துடைத்து வைப்பாள், ஒட்டுப்பாலை உரித்து எடுப்பாள், பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பாள். ஒரு நிரை மரத்தில் இரண்டு பேர் உழைப்பு. ஆனால் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணி கூப்பிடுகிற பேர் ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் பேர்.

பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் சீதாவும் பெரட்டுக்குப் போயிருக்கிறாள். எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிந்ததும் கிராணியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாளாம்.

“ஐயா, எங்கம்மா பேர ஏன் கூப்புடல?”

கிராணி சிரித்தாராம். “உங்கம்மா எங்கயும் ஓடிப் போயிடல புள்ள. உங்கப்பன் பேருக்குள்ளயேதான் இருக்கு.”

“அப்ப பால் வாளியையும் அந்தப் பேரே தூக்கட்டும்.”

பெரட்டுக்களமே சிரித்திருக்கிறது. அப்பா பிடரியில் ஒன்று வைத்தாராம். அம்மா அன்றைக்குச் சாப்பிடும்போது தன் பங்குக் கருவாட்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் சீதா, “அது கருவாடு இல்லக்கா, எனக்குக் குடுத்த மெடல்” என்பாள்.

என்னைப் போலத்தான் அவளும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேலைக்குப் போகிற வயது வந்ததும் தெலுக் பங்லிமா காராங்கில் ரேடியோ சாமான் செய்கிற ஒரு பேக்டரியில் சேர்ந்தாள். பேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வரும். மூன்று ஷிப்ட். பெண்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்ததாம், பேக்டரி அதற்கு ஒரு பெர்மிட் வாங்கிக்கொண்டதாம். அதனால் விடிய விடிய வேலை.

கிள்ளானில் ரயில் பாதை வேலை பார்த்த வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டாள். முதல் பிள்ளை பிறந்தது. அப்போது நடந்த ஒரு கூத்தை அவளே சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கிறாள். மாதம் முடிந்ததும் வேலாயுதம் பேக்டரியிலிருந்து ஒரு கவரை வாங்கி வருகிறார். திறந்து பார்த்தால் முழுச் சம்பளம். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. யாரோ தவறிப் போட்டுவிட்டார்கள், நாளைக்குத் திருடி என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்து, வேலாயுதத்திடமே கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்!

அவளுடைய சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அம்மா. கவரைத் திரும்பவும் வேலாயுதம் கையில் வைத்து, “இது அவளோடதுதான்லா. அறுபது நாள் லீவு, சம்பளத்தோட. போய்ச் சொல்லு, அவ வேலைய விட்டுட்டுப் பிள்ளை பெறல, வேலையில இருந்துகிட்டே பெத்திருக்கா” என்று சொல்லி அனுப்பினாராம்.

“அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுக்கா,” என்பாள் சீதா. “நான் படுத்துக் கெடந்தப்பவும் என் பேர் அங்க இருந்திருக்கு.”

இரண்டாவது பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் வேலாயுதத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கதவு. பேக்டரி பஸ் இங்கே வராது. வேலையை விட்டாள். விட்ட மறுமாதமே பக்கிரிசாமியின் பூக்கூடை அவள் வீட்டுக்கும் வர ஆரம்பித்தது.

பூக்கட்டுவது பார்க்கிறவர்களுக்கு லேசான வேலை. ரவாங் பக்கத்திலிருந்து மல்லிகை மொட்டு மத்தியானம் வந்து இறங்கும். மொட்டு வாய் திறப்பதற்குள் கட்டி முடிக்க வேண்டும். தலைக்கு வைக்கிற பூ என்றால் கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு வேகமாகக் கட்டலாம். சாமிக்குப் போகிற பூவை அப்படிக் கட்டக் கூடாது, காலில் படக் கூடாது. குளித்து, விளக்கேற்றி, கையிலேயே கட்ட வேண்டும். வீட்டு விலக்கு நாளில் தொடக் கூடாது. அந்த நாட்களில் கூடை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், கூலியும் கூடவே போய்விடும். மழையில் லோரி வராவிட்டால் கூலி இல்லை. வாடின பூ வந்தால், கட்டின மாலையைக் கடையில் ஒதுக்கிவிடுவார்கள், அதற்கும் இல்லை.

பக்கிரிசாமி கெட்ட மனிதர் என்று நான் எழுதமாட்டேன். கோயிலுக்கு நிறையச் செய்வார். எங்களை ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எவராவது ‘உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்யறாங்க’ என்று கேட்டால், “நாகையா ஒருத்தர்தான்” என்பார். “பொம்பளைங்க வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல கட்டிக் குடுக்கறாங்க. அவங்க கைச்செலவுக்கு ஆகட்டும்னு நானும் ஏதோ குடுக்கறேன்.” கடை வாசலில் பெரிய போர்டு மாட்டியிருந்தார்: ‘தீட்டுப் படாமல், ஆசாரமாகக் கட்டிய கோயில் மாலைகள்.’ அந்தப் போர்டைப் பார்த்துத்தான் பெரிய கோயில் ஆர்டரெல்லாம் அவருக்கு வந்தது.

எங்களோடு பூக்கட்டியவர்களில் குணேஸ்வரி மாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவர் ரயில்வே ஆபீஸில் பெரிய கிளார்க்காக இருந்து காலமானவர். எதிர்ச் சந்தில் சொந்த வீடு. மாமி கட்டுவதும் கூலிக்குத்தான். ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டால், “கோயிலுக்குத் தொண்டு செய்யிறன்” என்பார். எங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்போம்.

மாமி வீட்டு மாடியில் மார்க்கிரட் வாடகைக்கு இருந்தாள். ஒரு தொழிற்சங்க ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. சாயங்காலம் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்து, “ஜெனீவாவுல உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்காங்க” என்றாள்.

சீதா அப்போது நிறைமாதம். வயிற்றுக்கு மேலே முறத்தை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தாள். “எங்களப் பத்தியா? நாங்க அங்க என்ன தப்பு பண்ணினோம்?”

“உலகத்துத் தொழிலாளிங்களுக்கு என்னென்ன ஞாயம்னு எழுதற சபை அங்க இருக்கு. கவர்மெண்ட், முதலாளி, யூனியன், மூணு பேரும் உட்கார்ந்து எழுதுவாங்க. முதல் உலகச் சண்டை முடிஞ்ச மறுவருஷமே எழுதிட்டாங்க, பிள்ளை பெத்தவளுக்கு லீவு குடு, அந்த நாளுக்குக் காசும் குடுன்னு. பொம்பளைங்கள ராத்திரியில பேக்டரி வேலைக்கு வெக்காதேன்னும் அப்பவே எழுதினாங்க.”

“ராத்திரியில வேலை கூடாதா?” சீதா சிரித்தாள். “அப்ப ராத்திரியில பிள்ளை அழுதா எந்திரிக்கிறது யாராம்? காய்ச்சல்ல கெடக்கிற மாமியாருக்கு வெந்நீர் வெக்கிறது யாராம்? அதுக்கு பெர்மிட் வாங்கினாங்களா?”

ரமணி விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி அப்போதுதான் எங்கள் வரிசைக்கு வந்த பெண் அவள்.

“அதெல்லாம் வேலைன்னே அவங்க கணக்குல வரலக்கா,” என்றாள் மார்க்கிரட். “ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே கூலின்னு எழுதி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம நாடு அதுக்கே இன்னும் கையெழுத்துப் போடல. இந்த வருஷம்தான், வீட்டுல உட்கார்ந்து அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கறவங்களும் தொழிலாளிதானான்னு பேச ஆரம்பிச்சிருக்காங்க. அடுத்த வருஷம்தான் முடிவு தெரியும்.”

“அடுத்த வருஷமா?” சீதா தன் வயிற்றைப் பார்த்தாள். “இது அதுவரைக்கும் காத்திருக்காதுலா.”

அந்தப் பிள்ளை பிறந்து பத்து நாள் ஆவதற்குள்தான் கூடை போய், கூடை திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் பத்தியச் சோறு கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கிரிசாமி நேரிலேயே வந்துவிட்டார். வாசற்படிக்கு வெளியே நின்றார்.

“என்ன தங்கச்சி, பிள்ளை சுகமா?”

“சுகம்ண்ணே. உள்ள வராதீங்க, தீட்டு வீடு.”

“தெரியும், தெரியும். ஆடிப்பூரத்துக்குப் பெரிய ஆர்டர். அம்பாளுக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் பூவாலேயே அலங்காரம். உன் கை இல்லாம முடியாது. மஞ்சத்தண்ணியில கைய நல்லாக் கழுவிட்டு உட்காரு. யாருக்குத் தெரியப்போவுது?”

“அம்பாளுக்குத் தெரியாதா?”

“அவளும் பொம்பளதானே தங்கச்சி. புரிஞ்சுக்குவா.”

“அவ புரிஞ்சுக்குவாண்ணே, நீங்கதான் புரிஞ்சுக்கல.” சீதா பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சத்தம் உயரவில்லை. “ஆடிப்பூரத்தன்னைக்கு அவளுக்கு வளையல் அடுக்கி, சித்திரான்னம் படைச்சு, உட்கார வெச்சுக் கும்பிடறோம். யாராவது அவகிட்டப் போய், ‘சும்மாதானே உட்கார்ந்திருக்க, எனக்கு நாலு முழம் கட்டிக் குடு’ன்னு கேப்பாங்களா?”

நான் எத்தனையோ வருஷம் அந்த வளைகாப்பைக் கும்பிட்டிருக்கிறேன். இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார். “சரி, ஒரு மாசம் படுத்துக்க. வேணாங்கல. ஆனா கட்டாத பூவுக்குக் கூலி கேக்கறியே, கேக்கறவன் சிரிக்கமாட்டான்?”

“பேக்டரில குடுத்தாங்கண்ணே. யாரும் சிரிக்கல.”

“அது பேக்டரி. இது வீடு.”

“என் வீட்டைப் பேக்டரியா வெச்சிருக்கறது யாரு? எட்டு வருஷமா என் வீட்டுத் தண்ணியத் தெளிச்சு, என் வீட்டு வெளிச்சத்துல, உங்க பூவைக் கட்டறேன். வெளியில இடம் பிடிச்சிருந்தா அதுக்கு வாடகை குடுத்திருப்பீங்கல்ல?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “அப்ப நான் வேற வீட்டுல குடுத்துக்கறேன். முப்பது நாள் கழிச்சுக் கூடை வரும்னு மட்டும் நெனைக்காத.” திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வேலாயுதம் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். கரண்டியோடு வெளியே வந்து, “விட்டுடு சீதா. என் சம்பளம் இருக்கில்ல, பாத்துக்கலாம்” என்றார்.

“உங்க சம்பளம் உங்க பேருல வருது. நான் என் பேருல வர்றதக் கேக்கறேன். அது போச்சுன்னா மறுபடி யார் குடுப்பா?” என்றாள். பிறகு ரசத்தில் உப்பு போட்டாரா என்று கேட்டாள். அவர் போடவில்லை.

அவள் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அதை நான் சாமி சாட்சியாகச் சொல்வேன். மறுநாள் நாகையா அவளுடைய கூடையை ரமணி வீட்டு வாசலில் இறக்கியபோது, ரமணி கதவைப் பாதி திறந்து, “எனக்குத் தீட்டு” என்றாள். அவளுடைய சொந்தக் கூடையையும் வாங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் தீட்டு. அதற்கடுத்த வீட்டிலும் தீட்டு. எதிர் வரிசையில் அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் தீட்டு.

“என்னாங்க இது, எல்லாத்துக்கும் ஒரே நாள்லயா?” என்று நடுத்தெருவில் நின்று கேட்டார் நாகையா.

“ஒரே குழாய்த் தண்ணி குடிக்கிறோம்லா!” என்று ரமணி உள்ளே இருந்து கத்தினாள்.

யாரையும் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு ஆம்பளை அதைக் கேட்கவே முடியாது. தீட்டோடு கட்டு என்று பக்கிரிசாமியால் வெளிப்படையாகச் சொல்லவும் முடியாது. கடை வாசலில் அவரே மாட்டிய போர்டு தொங்குகிறது.

என்னிடமும் நாகையா வந்தார். எனக்கு அம்பாள் காரியத்தில் அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொல்ல மனசு வரவில்லை. “எனக்குத் தீட்டு இல்ல தம்பி. இருந்தாலும் கட்டமாட்டேன்” என்றேன்.

“ஐயோ அக்கா, அவங்க சொன்னதே தேவல. நீங்க சொன்னத நான் பாஸ்கிட்ட எந்த வாயால சொல்றது?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியாகக் குணேஸ்வரி மாமி வீடு. மாமி வெள்ளைச் சேலையோடு கேட்டில் வந்து நின்றார். “எனக்குத் துடக்கு.”

“மாமி, நீங்களுமா? உங்க வயசுக்கு...”

“அந்தத் துடக்கு இல்லையடா. ஊரில செத்த வீடு.”

“அப்படியா? யாரு மாமி இறந்துட்டாங்க?”

“ஆரெண்டு கேக்கிறீர்? ரேடியோ கேக்கிறேல்லையோ? யாழ்ப்பாணத்தில நாளுக்கு நாள் ஆரோ சாகினம். எல்லாரும் எனக்குச் சொந்தம்தான்.”

நாகையா கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் பிற்பகலே பக்கிரிசாமி வேனை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். அங்கே பூக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஆடிப்பூரம் பிரிக்பீல்ட்ஸுக்கு மட்டுமா வருகிறது? கிள்ளானிலும் எல்லாக் கையும் அந்தந்தக் கோயில் பூவில் மாட்டிக்கொண்டிருந்தது. வெறும் வேனோடு திரும்பினார். திரும்பியவர் நேரே எங்கள் வரிசைக்கு வந்து, மாமியைக் கேட்டில் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“மாமி, இவங்கதான் ஏதோ ஆடறாங்க. நீங்க தொண்டுக்குக் கட்டறவங்களாச்சே! சாமி தொண்டுக்கும் ஸ்ட்ரைக்கா?”

மாமியின் முகம் ஒரு நிமிஷம் வெளிறிப்போனது. மாடி ஜன்னலில் மார்க்கிரட் நின்றாள். பக்கத்து வீட்டில் மாமியின் கணவருடைய ஆபீஸ் சிநேகிதர் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார்.

“தொண்டு எண்டு நான்தான் சொன்னனான்,” என்றார் மாமி. “அது பொய். கூலிக்குத்தான் கட்டுறனான். நீர் மாதா மாதம் தந்ததும் கூலிதான், தம்பி. எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டுதான் இப்ப உரத்துச் சொல்லுறன்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் வாசலில் நின்று அழுதுவிட்டேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள். மத்தியானம் மல்லிகை வந்து இறங்கிவிட்டது. கோயிலிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கிரிசாமி சீதா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஈரச் சாக்குக்கு அடியில் கூடை கூடையாக மொட்டு. வாசனை தெரு முழுக்க. நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர். வாசற்படியில் வைத்து, சிரித்த முகமாக, “தங்கச்சி பிள்ளைக்கு மாமன் முறையில மொய்” என்றார். “சந்தோஷமா வெச்சுக்க. பழசெல்லாம் மறந்துடுவோம்.”

ரமணி கைதட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சீதாவின் முகத்தைப் பார்த்திருந்தேன்.

சீதா பிள்ளையை வேலாயுதத்திடம் கொடுத்துவிட்டு மெல்ல நடந்து வந்தாள். கவரை எடுத்துப் பிரித்தாள். நோட்டுகள் இருந்தன. அவள் ஒரு மாதம் வாங்குகிற கூலியில் பாதி. கூடவே ஒரு வெள்ளிக் காசு, ஒரு ரிங்கிட் நாணயம். நம்மவர்கள் மொய் வைத்தால் முழுத் தொகையாக வைக்கமாட்டோம். ஒன்று கூட்டித்தான் வைப்போம். அந்த ஒரு வெள்ளி இருந்தால்தான் அது மொய்.

அவள் நோட்டை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். காசைப் படியில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“இத எடுத்துக்குங்கண்ணே.”

“என்ன தங்கச்சி! மொய்க் காசத் திருப்பலாமா? பிள்ளைக்கு ஆகாது.”

“பிள்ளைக்கு மொய் வெக்கணும்னா முப்பதாம் நாள் பேர் வெக்கறப்ப அண்ணியோட வாங்க. எலை போட்டுச் சாப்பாடு போட்டு, கையேந்தி வாங்கிக்கறேன். இது அது இல்ல.”

“அப்ப இது என்னா?”

“நீங்களே சொல்லுங்க.”

நாகையா சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாஸ், வாய் திறக்குது” என்றார் மெதுவாக.

பக்கிரிசாமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாங்கள் பார்வையைத் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை. மாமி கேட்டைத் திறந்துகொண்டு சந்து முனைக்கே வந்து நின்றிருந்தார்.

“கூலி,” என்றார் அவர்.

“யாரோட கூலி?”

“உன்னோடதுதான். முப்பது நாள் கூலி. இது பாதி. மீதி முப்பதாம் நாள்.”

“கூடை?”

“முப்பத்தோராம் நாள் வரும்.”

“எனக்கு மட்டுமா?”

அவர் வேனைப் பார்த்தார். “பிள்ளை பெக்கறவங்க எல்லாருக்கும்தான். போதுமா?”

“அது கூலின்னா நீங்க காச எடுத்துக்கணும்.”

குனிந்து அந்த ஒரு வெள்ளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் காது சிவந்திருந்தது. ஆனால் எடுத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நின்று பேச நேரமில்லை. எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தோம். நாகையா ரமணி வாசலில் கூடையை இறக்கிக்கொண்டே, “தீட்டுப் போயிடுச்சா?” என்று கேட்டார்.

“உங்க பாஸ் வாயில கூலின்னு வந்துச்சு பாருங்க, அப்பவே போயிடுச்சு,” என்றாள் அவள்.

அம்பாள் பேரில் சொன்ன அந்தப் பொய்யை நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மறுநாள் சன்னிதியில் நின்று, ‘தாயே, அவங்க சொன்னத மனசுல வெச்சுக்காதே’ என்று வேண்டிக்கொண்டேன். நாங்கள் கட்டிய பூ அவள் மேனியை மூடியிருந்தது. கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை. அவள் முகத்தில் கோபம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மீதிக் கூலியை முப்பதாம் நாள் பக்கிரிசாமி கொடுக்கவில்லை. பேர் வைக்கிற விசேஷத்துக்கும் வரவில்லை. நாற்பது நாளைத் தாண்டி நாகையாவிடம் கொடுத்து அனுப்பினார். தாமதமானாலும் கொடுத்தார். கவர் மூலையில் மஞ்சள் இல்லை, கூட வைக்கிற ஒரு வெள்ளியும் இல்லை. கூடையும் வந்தது.

மறுவருஷம் ஆனியில் ஒரு சாயங்காலம் மார்க்கிரட் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஜெனீவாவில் எழுதிவிட்டார்களாம், வீட்டில் இருந்து கூலி வேலை செய்கிறவரும் தொழிலாளிதான் என்று. மற்றவர்களுக்கு உள்ளது அவர்களுக்கும் உண்டு, பிள்ளைப்பேற்றுப் பாதுகாப்பும் உண்டு என்று. முதலாளிகள் தரப்பினர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றார்களாம். இருந்தும் நிறைவேறிவிட்டதாம்.

சீதா கட்டுவதை நிறுத்தவில்லை. “நம்ம நாடு கையெழுத்துப் போட்டுச்சா?”

“இல்லக்கா. எப்பப் போடும்னும் தெரியாது.”

“சரி, அவங்க போடறப்பப் போடட்டும்.” பல்லால் நாரை அறுத்துவிட்டு ரமணியின் பெரிய வயிற்றைப் பார்த்தாள். “உனக்கு அடுத்த மாசம்தானே? மறுபடியும் ஆடிதான். பக்கிரிசாமி அண்ணன்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிட்டு வா.”

“நானா? நீங்க வந்து சொல்லுங்கக்கா. எனக்கு வாய் வராது.”

“உன் கூலிய நான் கேட்டா அது எப்படி உன் கூலியாகும்? நான் கூட வந்து நிக்கறேன். பேசறது நீ.”

ரமணி என்னைப் பார்த்தாள். நான் மடியிலிருந்த பூவை உதறிவிட்டு எழுந்தேன். மாமி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். எல்லாருமாகக் கடைக்கு நடந்தோம், ரமணியை முன்னால் விட்டு.